ஃபியூஸில் வித்தியாசம் கேட்காதவன்

என் மனைவியின் தம்பியைக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பாத்துச்சொல்றேன்' என்றால்தான் ஆளைத் தெரியும். எதைக் கேட்டாலும் அவன் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். மழை வருமா என்று கேட்டால்கூட வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வான். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று என் மாமனார் கேட்டபோதும் அதையேதான் சொன்னான். பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் அதை இன்றுவரை மறக்கவில்லை. சாப்பாடு ஆயிற்றா என்று அவன் கேட்கும்போதெல்லாம் "பாத்துச் சொல்றேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அவசரமில்லாமல் எழுந்து போவாள்.

இங்கே எழுதுவதில் பாதி நான் நேரில் பார்த்தது. கடைக்குள் நடந்ததை அவன் சொல்லியும் சின்ன முதலாளி சொல்லியும் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போகும் இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் தொழில் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பழுது பார்ப்பது. மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு நீளமான கடை. முன்பக்கம் விற்பனை. பின்பக்கம் ஒரு பிளைவுட் பலகைத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் அவன் மேஜை. மேஜைக்கு மேலே வளைந்த கழுத்து விளக்கு, முட்டை அட்டையின் குழிகளில் ரகம் பிரித்த திருகாணிகள், ஈயம் உருகிய வாசனை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். பெரிய முதலாளி போய், அவர் மகன் சின்ன முதலாளியாக வந்த பிறகும் மேஜை நகரவில்லை.

அவனுக்கு ஒரு வேலைச் சுத்தம் உண்டு. எந்த ஆம்ப்ளிஃபையரில் எந்த ஃபியூஸைக் கழற்றினாலும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பித்தளைக் கவ்விகளை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்காமல் அடுத்ததை மாட்ட மாட்டான். ஒரு குச்சியில் துணியைச் சுற்றி, இந்தப் பக்கம் இரண்டு தேய்ப்பு, அந்தப் பக்கம் இரண்டு தேய்ப்பு. நாம் சாப்பிட உட்காருமுன் கை கழுவுவதுபோல. ஏன் செய்கிறாய் என்று கேட்டால் அவனுக்கே யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

புது ஃபியூஸ்கள் ஒரு மரப்பெட்டியில் வந்தன. உள்ளே வெல்வெட், வெல்வெட்டில் குழிவிட்டு விரல் நுனி அளவில் ஒவ்வொன்று. சாதாரண ஃபியூஸ் என்பது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். இரு முனையிலும் உலோக மூடி, நடுவில் மயிரிழைபோல் ஒரு கம்பி. மின்சாரம் அளவுக்கு மீறினால் கம்பி உருகிவிடும், கருவி தப்பித்துக்கொள்ளும். உருகிச் சாவதைத் தவிர அதற்கு வேறு உத்தியோகம் இல்லை. வந்திருந்தவை பீங்கான் குழாய், தங்கமுலாம் பூசிய மூடி, உடம்பில் ஒரு அம்புக்குறி. இதை மாட்டினால் பாட்டு தெளிவாகும், பாடுகிறவர் அறைக்குள் வந்து நிற்பார் என்று கூடவே ஒரு துண்டுச்சீட்டு. ஒன்றின் விலைக்குச் சாதாரண ஃபியூஸ் ஒரு வாளி நிறைய வாங்கலாம்.

அம்புக்குறி எதற்கு என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. இந்த வழியில் ஓடும் மின்சாரம் போவதும் திரும்பி வருவதுமாக இருக்கிற ஒன்று. அதற்குத் திசை காட்டி என்ன ஆகப்போகிறது? சின்ன முதலாளி சிரித்துவிட்டு, முதலில் காதால் கேளுங்கள், வாயால் அப்புறம் கேட்கலாம் என்றாராம்.

சின்ன முதலாளியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அந்த ஃபியூஸை முதலில் தன் வீட்டில் மாட்டி, கண்ணை மூடி உட்கார்ந்து, மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டவர். வித்தியாசம் கேட்டது என்று அவர் சொல்லும்போது முகத்தில் வியாபாரம் தெரியாது. அதுதான் சங்கடம். எதிராளி திருடனாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம்.

கட்டடச் சொந்தக்காரர் வாடகையை ஏற்றியிருந்தார். பழுது பார்க்கும் வேலையும் குறைந்துகொண்டே வந்தது. கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். பின்பக்கத் தடுப்பை இடித்து, அங்கே சோபா போட்டு, பாட்டுக் கேட்டு வாங்கும் அறையாக மாற்றலாம் என்று சின்ன முதலாளிக்கு ஒரு யோசனை. அதை அவர் மறைக்கவில்லை. இந்த ஃபியூஸ்கள் ஓடினால் இடிக்கத் தேவையிருக்காது, ஓடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது என்றார். காரணம், வாடிக்கைக்காரர்கள் முன்பக்கம் எவ்வளவு பேசினாலும் கடைசியில் தலையை நீட்டித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்து, உள்ளே இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்பார்கள்.

"ஒரு வார்த்தைதான் அண்ணே. நல்லா இருக்குன்னு சொல்லுங்க. உங்க மேஜை இருக்கிற எடத்துலயே இருக்கும்."

அவனுக்கு அறுபது நெருங்குகிறது. வேறு கடையில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் செய்யலாம் என்றால் இருப்பது இரண்டு அறை, ஒன்றில் அவன் மனைவியின் தையல் மெஷினும் துணி மூட்டைகளும். அந்த மேஜை போனால் அவனுக்கு உட்கார இடமில்லை என்பதை அவனும் அறிவான், நாங்களும் அறிவோம். அவன் செய்ய வேண்டியதெல்லாம் வித்தியாசத்தைக் காதால் கேட்பது, கேட்டதைச் சொல்வது. அவ்வளவுதான். அதற்கு அவன் ஆசைப்படாமலும் இல்லை.

கேட்கவில்லை.

வாடிக்கைக்காரர்கள் ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பழைய ஃபியூஸோடு ஒரு பாட்டு. பிறகு அவன் கழற்றுவான், துடைப்பான், புதியதை மாட்டுவான். மறுபடி அதே பாட்டு. வந்தவர் பாதியிலேயே தலையாட்ட ஆரம்பித்துவிடுவார். சின்ன முதலாளி அவன் முகத்தைப் பார்ப்பார். அவன் மேஜையைப் பார்ப்பான். ஒரு ஸ்பீக்கரில் லேசான கரகரப்பு நின்றதுபோல் இருக்கும், இன்னொன்றில் ஒன்றுமே தோன்றாது. அதை வைத்து நல்லா இருக்கு என்று எப்படிச் சொல்வது? ஃபியூஸ்கள் ஒன்றிரண்டு போயின. அவன் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் இன்னும் போயிருக்கும்.

காதில்தான் கோளாறோ என்று காது டாக்டரிடம் போனான். வயதுக்கு நன்றாகவே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து மேஜைமேல் விரித்தான். குறை இருந்திருந்தால் அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். முகம் அப்படி வாடிக் கிடந்தது. என் மனைவி வாங்கிப் பார்த்தாள்.

"காது நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்திருக்காரா? அப்ப நாங்க சொல்றது ஏன்டா உள்ள போக மாட்டேங்குது?"

அவன் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து, உங்கள் ஆம்ப்ளிஃபையரில் மாட்டிப் பார்க்கலாமா என்று என்னைக் கேட்டான். கடையில் முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது தன் காதையே தன்னால் நம்ப முடியவில்லையாம். இங்கே யாருக்கும் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

எங்களுடையது பழைய பெட்டி. அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபையர்களில் ஸ்பீக்கருக்குப் போகும் வழியிலும் இடது, வலது என்று தனித்தனி ஃபியூஸ் இருக்கும். இடது பக்கம் கொஞ்ச காலமாக, தொண்டை கட்டியவர் பாடுவதுபோல் இருந்தது. எங்கள் காதுக்கு வயதாகிவிட்டது என்று நாங்கள் விட்டுவிட்டோம். அவன் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டான். அணைத்தான். இடது பக்க ஃபியூஸைக் கழற்றினான், துடைத்தான், தங்கமுலாம் போட்டதை மாட்டினான். மறுபடி போட்டான்.

தொண்டைக்கட்டு போய்விட்டது. எனக்கு நன்றாகவே கேட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே சமையலறையிலிருந்து என் மனைவி, இப்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று குரல் கொடுத்துவிட்டாள். அவன் என்னைப் பார்த்தான். ஆமாம் என்றேன். இந்த முறை அவனுக்கும் கேட்டிருந்தது.

சந்தோஷப்பட வேண்டியவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாள் எல்லாருக்கும் கேட்டது உண்மைதான், தனக்குத்தான் கேட்கவில்லை என்று ஆகிவிட்டதே. போகட்டும், நாளைக்கே முதலாளியிடம் சொல்லிவிடு, மேஜை பிழைத்தது என்றேன். தலையாட்டினான். அந்த ஃபியூஸ் கடைச் சரக்கு, திருப்பி வைக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டு எங்கள் பழைய கண்ணாடி ஃபியூஸையே மாட்டினான். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கப் பாட்டைப் போட்டான்.

தொண்டைக்கட்டு திரும்பி வரவில்லை.

அவன் மறுபடி தங்கத்தை மாட்டினான். அதே சத்தம். மறுபடி கண்ணாடி. அதே சத்தம். அப்புறம் தரையில் கிடந்த துணி சுற்றிய குச்சியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். நுனி கரிபிடித்ததுபோல் கறுத்திருந்தது. எத்தனையோ வருஷத்துப் பச்சைக் களிம்பும் அழுக்கும் கவ்வியில் ஏறி, மின்சாரத்தை முக்கி முனக விட்டுக்கொண்டிருந்தது. அதைத் துடைத்தது ஃபியூஸ் அல்ல, அவன் கை.

என் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "பாத்திரத்தைத் தேச்சுக் கழுவினா பளிச்சுன்னுதான் இருக்கும். அதுக்கு யாராவது புதுப் பாத்திரம்தான் காரணம்னு சொல்லுவாங்களா?"

அன்று அவன் சாப்பிட்டதுபோல் எங்கள் வீட்டில் என்றும் சாப்பிட்டதில்லை. ஆனால் கை கழுவும்போதே முகம் மாறிவிட்டது. கடையில் இத்தனை நாளாக அந்த ஃபியூஸை விற்றுக்கொடுத்தது தன் துடைப்புதான் என்று உறைத்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு நேர்மையாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். கை பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் சின்ன முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கவனமாகக் கேட்டார். சரி, அப்படியே இருக்கட்டும், என்ன செய்யலாம் என்றார். இவன் யோசனை வைத்திருந்தான். வருகிற பெட்டியை முதலில் துடைத்து, பழைய ஃபியூஸையே திரும்ப மாட்டி ஒருமுறை கேட்க வேண்டும். பிறகு புதியது. அதற்குமேல் வித்தியாசம் இருந்தால் வாங்கட்டும். இல்லையென்றால் துடைத்ததற்கு ஒரு கூலி வாங்கிக்கொள்ளலாம்.

"துடைக்கிறதுக்கு யாரு அண்ணே காசு குடுப்பாங்க?" என்று கேட்டார் அவர். கேலியாக இல்லை, நிஜமாகவே. இருந்தாலும் ஒரு தடவை செய்து பார்க்கச் சம்மதித்தார்.

அந்த ஒரு தடவைக்கு வந்து சேர்ந்தவர் வயலின் டீச்சர். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே ஓய்வு பெற்றவர், கடைக்குப் பெரிய முதலாளி காலத்திலிருந்தே வாடிக்கை. நல்ல காது, அந்தக் காதைப் பற்றி நல்ல அபிப்பிராயமும் உண்டு. ஃபியூஸ் வாங்கத் தயாராகவே வந்திருந்தார். இவன் பெட்டியைத் திறந்தான், கழற்றினான், துடைத்தான், பழையதை மாட்டினான். அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியது முதலாளி என்று இவன் நினைத்தான். இவன் சொல்வான் என்று முதலாளி நினைத்தார். பாட்டு ஆரம்பித்ததும் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் திறந்தார். இப்போதுதான் வயலின் முன்னால் வந்து நிற்கிறது, வில் தந்தியில் படுகிற இடம்கூடத் தெரிகிறது, இத்தனை நாள் இது எங்கே போயிருந்தது என்று மனம்விட்டுச் சொன்னார்.

"அது உங்க பழைய ஃபியூஸ்தாங்க" என்றான் இவன்.

அவனுக்கு அது நல்ல செய்தி. டீச்சருக்குக் காசு மிச்சம். அவர் முகம் மலரும் என்று காத்திருந்தான்.

டீச்சர் சுற்றிலும் பார்த்தார். கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எனக்குப் பரீட்சை வெச்சீங்களா?"

இல்லை இல்லை என்று இவன் குச்சியைக் காட்டினான், கவ்வியைக் காட்டினான், அழுக்கைக் காட்டினான். விளக்க விளக்க டீச்சர் முகம் இறுகிக்கொண்டே போயிற்று. தன் வீட்டுப் பெட்டி அழுக்கு என்று நான்கு பேர் எதிரே காட்டினால் யாருக்குத்தான் இனிக்கும்? பெட்டியை மூடித் தரச் சொன்னார், டாக்ஸி கூப்பிட்டுக் கிளம்பிவிட்டார். பிறகு அவர் வேறொரு கடையில் அதே மாதிரி ஃபியூஸை, அதைவிட விலை உயர்ந்த ரகமாகவே வாங்கினார் என்று கேள்விப்பட்டோம். அதை மாட்டிய பிறகு பாட்டு அற்புதமாக இருக்கிறதாம். இருக்கும். துடைத்த பெட்டி அல்லவா.

சின்ன முதலாளி கோபப்பட்டிருந்தால் இவன் தாங்கியிருப்பான். அவர் வருத்தப்பட்டார். நீங்கள் சொன்னது சரியாகவே இருக்கட்டும், சந்தோஷமாக வந்தவரை இப்படி அனுப்ப வேண்டுமா என்றார். இனிமேல் நானே கழற்றி மாட்டுகிறேன், துடைக்கவும் மாட்டேன், அப்போது உங்கள் மனச்சாட்சிக்குத் தொந்தரவு இருக்காதே என்றும் சொன்னார். இவனுக்கு அது நியாயமாகவே பட்டது. உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பும் இருந்தது. துடைக்காமல் மாட்டினால் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. இந்த வம்பு அதோடு முடிந்துவிடும்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் ஈயம் உருக்கிக்கொண்டே காதை அந்தப் பக்கம் வைத்திருந்தான். முதலாளி மாட்டினார். துடைக்கவில்லை. பாட்டு ஓடியது. வந்தவர், "ஆஹா" என்றார்.

அடுத்தவரும் சொன்னார். அதற்கடுத்தவர் அம்புக்குறியைத் திருப்பி மாட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, திருப்பினால் சத்தம் தட்டையாகிறது என்றார். தட்டையாவது எப்படி இருக்கும் என்று இவன் பலகையில் காதை ஒட்டிக்கொண்டு கேட்டான். இரண்டும் ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னான்.

"துடைக்காமலும் கேக்குது அத்தான்."

அவன் கண்டுபிடிப்பும் பயனற்றுப் போயிற்று. அழுக்கு என்று ஒரு காரணத்தைப் பிடித்து வைத்திருந்தான். அது சில பெட்டிகளுக்குத்தான் பொருந்தியது. மற்றவர்களுக்கு ஏன் கேட்கிறது என்பதற்கு அவனிடம் குச்சியும் இல்லை, துணியும் இல்லை. விரும்பி வந்திருக்கிறார்கள், கேட்கிறது, அவ்வளவுதானே என்று நான் சொன்னேன். அது ஒரு காரணமா என்று என்னிடமே எரிந்து விழுந்தான். ஸ்பிரிட் போட்டுத் துடைக்க முடியாத எதுவும் அவனுக்குக் காரணம் ஆகாது.

தடுப்பை இடிப்பதற்கு ஆள் வந்து அளவெடுத்துப் போனார். சின்ன முதலாளி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அளவெடுத்தவர் மேஜைமேல் சாய்ந்து டேப்பைப் பிடித்தபோது முட்டை அட்டை கவிழ்ந்து, ரகம் பிரித்த திருகாணிகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து தரையில் ஓடின. அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு கணவனும் மனைவியும் கடைக்கு வந்தார்கள். முதலாளி மாட்டிக் காட்டினார். கணவனுக்குக் கேட்டது. மனைவிக்குச் சந்தேகம். அவள் தடுப்போரம் எட்டிப் பார்த்து, முழங்காலில் நின்றுகொண்டிருந்த இவனிடம், இதை வாங்கலாமா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

உள்ளங்கை நிறையத் திருகாணியோடு இவன் நிமிர்ந்தான். நல்லா இருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னால் வயலின் டீச்சருக்கு ஆனதுதான் இவளுக்கும் ஆகும், கணவனும் அங்கேயே நிற்கிறான். என்ன சொல்லலாம் என்று தேடித்தேடி, பொய் ஒரு துளியும் கலக்காத ஒரு பதிலைக் கண்டெடுத்தான்.

"கெடுதல் ஒண்ணும் இல்லங்க."

அவள் முகம் தெளிந்தது. இப்படிச் சொல்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கணவனிடம் சொன்னாள். இரண்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சின்ன முதலாளிதான் எனக்குச் சொன்னார், பூரிப்போடு. இப்போது யார் வந்தாலும் அவரே தலையைத் திருப்பி, அண்ணே, இதை மாட்டினால் பெட்டிக்குக் கெடுதல் உண்டா என்று கேட்கிறார். இல்லை என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. அளவுக்கு மீறாத, சரியான ஆம்பியர் எண் போட்ட ஃபியூஸ்தான். கெடுதல் நிஜமாகவே இல்லை. பதில் வந்த கையோடு வந்தவர்கள் பணப்பையை எடுக்கிறார்கள். இடிக்க வந்த ஆளுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மேஜை அங்கேயே இருக்கிறது.

என் மனைவிக்கு நிம்மதி. தம்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, எப்படியோ பிழைத்தாய், பொய்யும் சொல்லவில்லை, அப்புறம் ஏன் இந்த மூஞ்சி என்று கேட்டாள். அவன் வெகுநேரம் விரல் நுனியில் ஒட்டியிருந்த ஈயத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"பொய் சொல்லியிருந்தா, போதும்னு என்னைக்காவது நிறுத்திடலாம் அக்கா. இது உண்மையாச்சே. இதை எப்படி நிறுத்துறது?"

அவள் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். இன்னொரு வாய் சாப்பிடு என்றாள். அதற்குள் அவன் போன் அடித்தது. சின்ன முதலாளிதான். யாரோ தூரத்திலிருந்து வந்து கடையில் காத்திருக்கிறார்களாம். உள்ளே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவோம் என்கிறார்களாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் தட்டிலேயே கையைக் கழுவினான்.